பதினோரு வீட்டு ரொட்டி

“பேரு மட்டும் கேக்காதீங்க ஸ்லாட்டெம்மா” என்றாள் ஹிண்டெ.

ஸ்லாட்டெ அம்மாளின் மருந்துக்கடைப் பின்கட்டில், மெழுகு போட்டுத் தேய்த்த மரத்தரையின் ஓரத்தில் நின்றிருந்தாள். பூட்ஸில் ஒட்டிய சேறு தரையில் இறங்கிவிடாமல் இரண்டு கால்களையும் மிதியடிமேலேயே ஒடுக்கி வைத்திருந்தாள். உட்காரச் சொல்லி இரண்டு தரம் ஆகிவிட்டது. உட்காரவில்லை.

“நான் என்ன சந்தையில தமுக்கு அடிக்கவா போறேன்? சங்கத்துத் தலைவி நான். எனக்குக்கூடத் தெரியக்கூடாதா?”

“உங்களுக்கு முன்னாடி தலைவியா இருந்தவங்களுக்கும் தெரியாது. கூடை தூக்கறவளுக்கு மட்டுந்தான் தெரியும். அதுவும் அவ கைக்குத்தான் தெரியும். வாய்க்குத் தெரியாது.”

லித்துவேனியாவின் வடகோடியில் இருந்த வெஷ்லி ஊரின் யூதப் பெண்கள் சங்கத்துக்குப் பத்திரத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊர் அதைக் கூடைச் சங்கம் என்றுதான் சொன்னது. வெள்ளிக்கிழமை காலையில், அன்று மாலை தொடங்கும் சபாத் என்ற ஓய்வுநாளுக்கான ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கும் நேரத்துக்கு, கூடைக்காரி சந்தைத் திடலில் தொடங்கி ஆற்றங்கரைச் சந்து முடிய இருபத்தெட்டு வீட்டுக் கதவையும் தட்டுவாள். கூடையின்மேல் கனத்த கம்பளித் துணி கிடக்கும். கதவைத் திறந்தவள் துணிக்கு அடியில் கையை விடுவாள். இருக்கிறவள் ரொட்டியை உள்ளே வைப்பாள். இல்லாதவள் உள்ளே இருப்பதை எடுத்து மேலங்கிக்குள் இழுத்துக்கொள்வாள். கூடைக்காரி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். “நல்ல சபாத்” என்று இவள் சொல்ல, “நல்ல சபாத்” என்று அவள் சொல்ல, கதவு மூடும். வைத்தாளா எடுத்தாளா என்பது எதிர்வீட்டு ஜன்னலுக்குத் தெரியாது. கூடை கனக்கிறதா இளைக்கிறதா என்பது அதைத் தூக்குகிற முழங்கைக்குத் தெரியும்.

ஹிண்டெயின் முழங்கை அறிந்த வீடுகள் பதினொன்று. பதினொன்றாவது அவளுடையது.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஹிர்ஷ் கண்ணாடி டம்ளரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஒற்றை மூட்டையோடு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். ஜோஹானஸ்பர்க்கில் இப்போது இரண்டு ஜவுளிக்கடை. பெயர்கூட அங்கே ஹாரி. அம்மாவின் கல்லறையைப் பார்க்க வந்தவர் ஊரைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அழுதார் என்று பேச்சு. மடியில் தோலுறை போட்ட காமிரா இருந்தது.

“இந்தாம்மா, நான் கெட்டது நினைச்சு வரல” என்றார் அவர். “நம்மூர்க்காரங்க அங்க அறுபது குடும்பம் இருக்கோம். பொம்பளைங்க பணம் சேக்கறாங்க. இந்தக் குளிர் முடியற வரைக்கும் இல்லாத வீட்டுக்கெல்லாம் விறகும் மாவும் எங்க பொறுப்பு. ஆனா யாருக்குப் போகுதுன்னு கண்ணால பாக்கணும்கறாங்க. முன்னாடி ஒரு தடவை வேற ஊருக்கு அனுப்பி, அது எங்கயோ போயிடுச்சு. பேரு, ஒரு படம். வாசல்ல ரொட்டியோட நின்னா போதும்.”

“விறகு வேணாம்னு நான் சொல்லல.”

“பின்ன என்ன?”

“ரொட்டியோட வாசல்ல நிக்க வச்சுப் படம் எடுத்துட்டா, அப்பறம் அவ அந்த வாசல்ல எப்படி நிப்பா?”

ஸ்லாட்டெ அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கெட்டவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. போன வருஷம் பிள்ளைகளுக்குக் கண்நோய் வந்தபோது டாக்டரைக் கையோடு அழைத்துவந்தவள் அவள்தான். கோவ்னோ நகரத்தில் படித்தவள். எதையும் எழுதி வைத்தால்தான் அது நடந்தது என்று நம்புகிறவள்.

“இதெல்லாம் பழைய காலத்து வெக்கம் ஹிண்டெ. கோவ்னோவுல உதவி வாங்கறவங்களுக்கு அட்டை இருக்கு. காட்டறாங்க, வாங்கறாங்க, போறாங்க. வெக்கத்துல யாரும் செத்துப்போகல. சரி, நீ சொல்ல வேணாம். வெள்ளிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் உங்கூட வர்றோம். நாங்களே பாத்துக்கறோம்.”

“நீங்க வந்தா ஒருத்தியும் எடுக்க மாட்டா.”

“பசிச்சவ எடுப்பா.”

பசியைப் பற்றி அந்த அறையில் பேசத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்பது ஹிண்டெயின் நெஞ்சில் எரிந்தது. அதைச் சொல்ல முடியாமல் நிற்பது அதைவிட எரிந்தது.

அவள் புருஷன் எல்யே துணி நெய்வதற்கான ஆளிச்செடி நாரைச் சீவுகிறவன். பதினெட்டு வருஷம் முதலாளியின் நார்க்கிடங்கில் இரும்புச் சீப்பின் முன்னால் நின்று நார்த்தூசியை மூச்சாக இழுத்தவன். பூரிம் பண்டிகைக்கு மறுவாரம் இருமலில் ரத்தம் வந்தது. கொஞ்ச நாள் வீட்டில் இரு, கூப்பிடுகிறேன் என்றார் முதலாளி. எட்டு மாதமாயிற்று. ஹிண்டெ தலையணைகளுக்கு வாத்து இறகு உரித்துக் கொடுத்துக் கொண்டுவரும் காசு உருளைக்கிழங்குக்கும் மண்ணெண்ணெய்க்கும் சரியாக இருந்தது. சபாத் ரொட்டியும், கூடையில் வைக்கிற பங்கும் அந்தக் காசில்தான் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவன் ஜெபக்கூடத்துக் கணப்போரம் புத்தகத்தோடு போய் உட்கார்ந்துவிடுவான். கூடை தன் வாசலுக்கு வரும்போது அவளே கதவைத் திறந்து, இரண்டு ரொட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, வெளியே வந்து, “நல்ல சபாத்” என்று ஆளில்லாத வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடப்பாள்.

அன்று மாலை அவள் வாயில் துணி கட்டிக்கொண்டு இறகு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் தூசிக்கு எட்டாமல் அடுப்பு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

“ஹிர்ஷ் வெள்ளிக்கிழமை நம்ம தெருவுக்கு வர்றானாமே. நான் ஜெபக்கூடத்துக்குப் போகல. ஒரே பெஞ்சுல உக்காந்து வாத்தியார்கிட்ட அடி வாங்கினவங்க நாங்க. என் ஆப்பிளைத் திருடித் தின்னவன், தடிப்பய.”

“நீங்க போங்க. வீட்ல இறகு பறக்கும். இருமுவீங்க.”

“உங்கிட்ட பேரு கேட்டாங்களாமே. சொல்ல மாட்டேன்னுட்டியாமே.”

“ஆமா.”

“என்னத்துக்கு இந்த வீம்பு? ஒரு குளிர் முழுக்க விறகு. சும்மாவா? சொல்லித் தொலையேன். இல்லாதவன் இல்லேன்னு சொல்றதுல என்ன குறைஞ்சுபோச்சு? நம்ம சந்துலயே தொய்பெ இருக்கா, நாலு பிள்ளைங்க, புருஷன் இல்ல. அவ எடுக்கறாளா இல்லையா?”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாதாம். நாம வைக்கறோமே, அது யார் வீட்டுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

நாம வைக்கறோமே. ஹிண்டெ ஒரு இறகைத் தண்டோடு பிடித்து, ஒரே இழுப்பில் இரண்டாகக் கிழித்தாள். துணிக்குள் அவள் வாய் என்ன சொன்னது என்று அவனுக்குக் கேட்கவில்லை.

“என்ன?”

“சூப்பு ஆறுது. குடிங்க.”

வியாழக்கிழமை பானையின் அடியில் இருந்த கறுப்பு ரை மாவைச் சுரண்டி ஒரு ரொட்டி சுட்டாள். உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. நாளைக்கு அவர்கள் கூட வருவதால் தன் வீட்டுக் கதவைத் தான் திறக்க முடியாது. பெண்பிள்ளைகள் இரண்டுக்கும் சபாத்துக்கு இதுவாவது இருக்கட்டும் என்று அலமாரியில் துணி சுற்றி வைத்தாள்.

வெள்ளிக்கிழமையும் மழை விடவில்லை. ஊசி ஊசியாக இறங்கும் கார்த்திகைக் குளிர் மழை. ஸ்லாட்டெ அம்மாள் கூடைக்குக் குடை பிடித்தாள். ஹிர்ஷ் காமிராவை மேல்கோட்டுக்குள் வைத்துப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார்.

சந்தைத் திடலில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அங்கே வைக்கிற வீடுகள்தான். மீன்காரி ஃப்ரூமெ கதவைத் திறந்து மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன ஹிண்டெ, கூடைக்குப் போலீசு போட்டுட்டாங்களா?”

“அவங்க சும்மா பாக்க வந்திருக்காங்க.”

“ஆப்பிரிக்காவுல ரொட்டி கிடையாதா? டேய் ஹிர்ஷு, மூக்கு ஒழுகிக்கிட்டு எங்க கடை வாசல்ல நின்னவன்தானேடா நீ? என்னைப் படம் எடு. மீன் நாத்தம் அதுல வருமா?”

“வராது அக்கா” என்று சிரித்தார் ஹிர்ஷ்.

“அப்ப நான்னு யார் நம்புவா?” ஃப்ரூமெ இரண்டு ரொட்டியைத் துணிக்கடியில் தள்ளினாள். தள்ளும்போது ஹிண்டெயின் காதோரம் குனிந்து, “இந்தச் சனியன்களைக் கீழ்ச்சந்துக்குக் கூட்டிட்டுப் போவாதடி” என்றாள்.

கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டியிருந்தது. செக்கடி தாண்டி ஆற்றங்கரைக் கீழ்ச்சந்தில் முதல் எடுக்கிற வீடு வந்தது. ஹிண்டெ தெருவைப் பார்த்து நின்றாள். கதவு திறந்தது. பிறகு காலடி உள்ளே போய்த் திரும்பிவந்தது. துணிக்கடியில் கை நுழைந்தது. முழங்கையில் எடை கூடியது.

“நல்ல சபாத்.”

“நல்ல சபாத்” என்ற குரல் கரகரத்தது.

இரண்டாவது வீட்டிலும் கூடியது. மூன்றாவதிலும் கூடியது. ஸ்லாட்டெ அம்மாளின் குடை கதவுகளுக்கு நேராக நீண்டு, யார் கை உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தது. வெறுங்கை வெளியே வந்தால் வைத்தவள். அவ்வளவுதான் கணக்கு. ஊரில் வசதி இல்லாதவர்கள் எல்லாரும் அந்தக் காலையில் வைத்தவர்களானார்கள்.

தொய்பெ கதவைத் திறந்தபோது அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கடைக்குட்டி நின்றது. தொய்பெ காமிராவைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். கடைசியாக ஹிண்டெயைப் பார்த்தாள். ஹிண்டெ தெருப்பக்கம் முகத்தைத் திருப்பாமல் இருந்த ஒரே வாசல் அன்றைக்கு அதுதான். தொய்பெ அடுப்புக்குப் போய்க் காகிதத்தில் எதையோ பொட்டலம் கட்டி எடுத்து வந்து துணிக்கடியில் வைத்தாள். ஹிண்டெயின் மணிக்கட்டில் அது பட்டது. சூடாக இருந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கு.

“அம்மா, அது” என்று கடைக்குட்டி ஆரம்பித்தது.

“உள்ள போ.”

அடுத்த வாசல் ஹிண்டெயுடையது. தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. எல்யே சபாத்துக் கோட்டைப் போட்டு, தாடியை நனைத்துச் சீவி நின்றான். பக்கத்தில் பெரிய மகள் மெரெ.

“வாடா ஆப்பிள் திருடா!”

“எல்யே! இளைச்சுட்டியேடா.”

“நார்க்காரன் எப்பவும் நார் மாதிரிதான் இருப்பான். இரு, இரு. எங்க வீட்டுப் பங்கு.”

உள்ளே அலமாரிக் கதவு கிரீச்சிட்டது. ஹிண்டெ வாசற்படியில் ஒரு காலை வைத்தாள். பின்னால் குடை நீண்டது. அவன் துணியைப் பிரித்து அந்தக் கறுப்பு ரொட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். நேற்று அது வேகும் வாசத்துக்கு மெரெ அடுப்பை விட்டு நகரவில்லை. இப்போது ரொட்டி போகிற வழியெல்லாம் அவள் கண்ணும் போனது.

“அப்படியே நில்லு எல்யே. கையை உசத்து. இன்னும் கொஞ்சம்.” காமிரா சொடுக்கியது.

“அங்க காட்டு. வெஷ்லியில நார் சீவறவன் வீட்லகூடக் கொடுக்கறாங்கன்னு சொல்லு” என்று சொல்லி எல்யே ரொட்டியைக் கூடைக்குள் வைத்தான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் வைத்தான்.

சந்தின் கடைசியில் குளிக்கூடம். எல்லா வெள்ளிக்கிழமையும் அங்கே வந்து சேரும்போது கூடை காற்றாக இருக்கும். இன்று இரண்டு கையாலும் தூக்கித் தாழ்வாரத்தில் இறக்கினாள். ஸ்லாட்டெ அம்மாள் குடையை மடக்கிவிட்டு, யாரும் இதுவரை செய்யாத காரியத்தைச் செய்தாள். கம்பளித் துணியை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

முப்பத்து மூன்று ரொட்டிகள். மேலே கிடந்தவைதான் கீழ்ச்சந்து. பாதியாக வெட்டியது ஒன்று. ஓரத்தைக் குழந்தை கிள்ளித் தின்றது ஒன்று. அரை வெங்காயம். காகிதத்தில் கசிந்துகொண்டிருந்த கிழங்குகள்.

“பாத்தீங்களா மிஸ்டர் ஹாரி? ஒரு வீட்லயும் எடுக்கல.” அவள் குரலில் முதலில் பெருமைதான் இருந்தது. அப்புறம் யோசனை வந்தது. “ஒருத்தருக்கும் தேவையில்லன்னா, வாராவாரம் இருபது ரொட்டிக்கு மேல கூடையில விழுதே, அதெல்லாம் எங்க போகுது ஹிண்டெ?”

“என்ன கேக்கறீங்க?”

“தப்பா ஒண்ணும் சொல்லல. கேக்கறேன். கூடையைத் தூக்கறவ நீ ஒருத்திதான். கடைசியில அது காலியாத்தான் வருதுன்னு குளிக்கூடத்துக்காரியும் சொல்றா.”

பத்து வீட்டுப் பெயரைச் சொன்னால் போதும். நாக்கு நுனியில்தான் இருந்தன, தெரு வரிசைப்படி. சொன்னால் தான் திருடி இல்லை. சொன்னால் விறகும் வரும்.

ஹிண்டெ குனிந்து அந்தச் சின்னக் கறுப்பு ரொட்டியை எடுத்தாள்.

“இதைப் பாருங்க. இந்த ஊர்ல இவ்வளவு சின்ன ரொட்டி சுடறவ வேற எவளும் இல்ல. இது என்னுது. எம் பிள்ளைங்களுது. எம் புருஷனுக்கு எட்டு மாசமா வேலை கிடையாது. பூரிம்லேர்ந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்தக் கூடையிலேர்ந்து ரெண்டு ரொட்டி எடுத்துத் தின்னுட்டிருக்கேன். எழுதிக்குங்க. ஹிண்டெ, நார்க்காரன் பெண்டாட்டி, ஆத்தங்கரைச் சந்து. போதுமா?”

“ஐயோ ஹிண்டெ.” ஸ்லாட்டெ அம்மாளின் முகம் வெளுத்தது. “எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன பேயா?”

“சொல்லியிருந்தா அட்டை கொடுத்திருப்பீங்க.”

“நீ…”

“பசிச்சவ எடுப்பான்னீங்களே. எடுத்தாளா? நீங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதுக்கு, நாலு பிள்ளைங்களோட மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கி இதுல போட்டுட்டா ஒருத்தி! இன்னும் சூடு ஆறல, தொட்டுப் பாருங்க. யாருன்னு கேக்காதீங்க. தொட்டு மட்டும் பாருங்க.”

ஸ்லாட்டெ அம்மாள் தொடவில்லை. நடந்து வந்த பாதையில் யார் பொட்டலம் வைத்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துவிட்டதே என்று இருந்தது அவள் முகம்.

ஹிர்ஷ் காமிராவை வெளியே எடுத்திருந்தார். “இதுதாம்மா அவங்க பாக்கணும். இந்த முகம். அந்த ரொட்டியோட அப்படியே ஒரு நிமிஷம்…”

ஹிண்டெ அவரையே பார்த்தாள். ஈரத்துணி தலையில் ஒட்டிக் கிடந்தது.

“எடுங்க. என் மூஞ்சி என் சொத்து, எடுத்துக்குங்க. ஆனா கேட்டுக்குங்க. வீடு பதினொண்ணு. ஒண்ணு சொல்லிட்டேன். பத்தை நீங்க என்னைக் கொன்னாலும் சொல்ல மாட்டேன். விறகு வண்டி வந்தா இந்தக் குளிக்கூடத்துக்குப் பின்னால கொட்டுங்க. பதினொரு பங்கு. வேண்டியவ வந்து எடுத்துப்பா. காவலுக்கு ஒரு ஆளும் நிக்கக்கூடாது.”

காமிரா சொடுக்கியது.

“நான் அங்க சொல்லிப் பாக்கறேன்” என்றார் ஹிர்ஷ்.

“சொல்லிப் பாக்கறதா? படம் எடுத்தீங்க இல்ல? விறகை அனுப்புங்க.”

ஸ்லாட்டெ அம்மாளின் தோளிலிருந்து துணியை உருவிக் கூடைமேல் போட்டாள். “என் பின்னால வராதீங்க. ரெண்டு பேரும்.”

சபாத் தொடங்க மூன்று மணி நேரம்கூட இல்லை. எடுக்கிற வீடுகளை மட்டும் தட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும். எனவே கடைசியிலிருந்து முதல்வரை இருபத்தெட்டு கதவையும் மறுபடி தட்டினாள். தன் வீட்டை மட்டும் தாண்டிப் போனாள். வைக்கிற வீட்டுக்காரிகள், “இப்பத்தானேடி வந்துட்டுப் போன?” என்றார்கள். “சும்மா கையை விட்டுட்டு எடு” என்றாள் ஹிண்டெ. சிலர் புரிந்துகொண்டு கையை விட்டார்கள். சிலர் திட்டிக்கொண்டே விட்டார்கள்.

தொய்பெ இரண்டு ரொட்டியும் தன் பொட்டலமும் எடுத்துக்கொண்டாள். கதவை மூடவில்லை.

“அவங்களை எங்க வாசலுக்குக் கூட்டிட்டு வந்தவ நீ.”

“ஆமா.”

“இன்னொரு தடவை கூட்டிட்டு வந்தா உன் கையையே கடிச்சுடுவேன்.”

“கடி” என்றாள் ஹிண்டெ.

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி தாண்டி வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கூடையைக் கதவோரம் வைத்தாள். கறுப்பு ரொட்டியையும், மிச்சமிருந்த இரண்டு வெள்ளை ரொட்டியையும் மேஜைமேல் வைத்தாள். எல்யே இன்னும் சபாத்துக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். சந்து முழுக்கச் செய்தி வந்துவிட்டது என்று அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

“ஊர் முன்னால என் மானத்தை வாங்கிட்டியாமே” என்றான்.

“உங்க மானம் அந்தக் கூடையிலதான் இருந்துச்சு. எட்டு மாசமா தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“பதினெட்டு வருஷம் நாரைக் கையில எடுத்தவுடனே ஈரம் எவ்வளவுன்னு சொன்ன ஆளு நீங்க. இறகுக் காசுக்கு எத்தனை ரொட்டி வரும்னு தெரியாதா உங்களுக்கு?”

அவன் இருமினான். இருமல் நின்ற பிறகும் வாயிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை.

“தெரியும்” என்றான்.

ஹிண்டெ அவன் பக்கம் திரும்பினாள்.

“ஸ்லாட்டெ வீட்ல ரொட்டி மேல கசகசா தூவுவாங்க. ரெண்டாவது வாரமே நம்ம மேஜைக்கு அது வந்துச்சு. தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சேதான் தின்னியா?”

அவன் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

“தெரிஞ்சுக்கிட்டேதான், நாம வைக்கறோமே யாருக்குப் போகுதுன்னு எங்கிட்ட கேட்டியா? தெரிஞ்சுக்கிட்டேதான், இருந்த ஒரு ரொட்டியையும் இன்னிக்குத் தூக்கிக் கொடுத்தியா?”

“ஹிர்ஷ் பாத்துக்கிட்டு நின்னான்.”

“மெரெயுந்தான் பாத்துக்கிட்டு நின்னா!”

உள்ளறையில் பிள்ளைகள் இரண்டும் பேச்சை நிறுத்திவிட்டன. எல்யே மேஜைமேல் இருந்த ரொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹிண்டெ ஈர மேலங்கியைக் கழற்றி ஆணியில் அடித்தாற்போல் மாட்டினாள்.

“அடுத்த வெள்ளிக்கிழமை கூடையை நீ தூக்கற.”

“பொம்பளைங்க சங்கம் அது.”

“பொம்பளைங்க சுட்டதைத்தானே தின்ன?”

“எனக்கு மூச்சு வாங்கும் ஹிண்டெ. இருவத்தெட்டு வீடு.”

“வாங்கட்டும். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு வாங்கிக்கோ. இனிமே மறைக்க நம்ம வீட்ல ஒண்ணும் இல்ல. நீ தூக்கு, நான் கதவைத் தட்டறேன். அந்தப் பத்து வீட்டுல ஒண்ணு உன் வாயிலேர்ந்து வெளிய வந்துச்சுன்னா, சபாத்துன்னும் பாக்க மாட்டேன்.”

அவன் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். “சரி” என்றான். அது அவள் கோபத்துக்குப் போதவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இனியும் தாமதித்தால் சபாத் தீபம் ஏற்றும் நேரம் தப்பிவிடும். பிள்ளைகளைக் கூப்பிட்டாள். தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, இரண்டு மெழுகுவர்த்தியையும் ஏற்றி, கண்களைக் கையால் மூடிக்கொண்டு அதே உரத்த குரலில் ஆசி சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டவர்கள், சண்டை இன்னும் ஓயவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.